சராசரிக்குள் அடங்காத பறவை
டாக்டர் சலீம் அலியின் வாழ்க்கை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஐந்து விரலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பார்கள் நம் பெரியவர்கள். மனிதரைக் குறித்து இதைச் சொன்னால் நாம் உடனே தலையசைக்கிறோம். பறவை என்று வந்துவிட்டாலோ நம் எண்ணம் மாறிவிடுகிறது. காகம் என்றால் எல்லாக் காகமும் ஒன்று. கடற்காகம் என்றால் எல்லாக் கடற்காகமும் ஒன்று. பாடப் புத்தகமும் ஒரு பறவையின் பெயரைச் சொல்லி, அதன் உணவு மீன் என்றோ பூச்சி என்றோ ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறது. நாமும் அதை ரெக்கார்டு நோட்டில் எழுதி, படம் வரைந்து, ஆசிரியரிடம் கையொப்பம் வாங்கிவிடுகிறோம்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஆயிரமாயிரம் தனிப்பறவைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் இரையைத் தன் வழியில் தேடுகிறது. இதைக் காண ஒரு பறவையை ஒரு நாள் பார்த்தால் போதாது. அதே பறவையை மறுபடியும் மறுபடியும் பார்க்க வேண்டும். அப்படிப் பொறுமையாகப் பார்க்கும் பழக்கத்தை இந்திய நாட்டில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் சலீம் அலி ஆவார். அவர் நம் கோத்தகிரியில் சில மாதங்கள் தங்கி வாழ்ந்தவர் என்பது நம்மில் பலரும் அறியாத செய்தி. அப்பெரியாரின் வாழ்க்கையை என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் இங்கே சொல்ல முயல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

இன்று மும்பை என வழங்கும் பம்பாய் நகரில், 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் சலீம் அலி பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருத்தீன் தியாப்ஜியும் அவர் துணைவியார் ஹமீதா பேகமும் அந்தக் குழந்தைகளை எடுத்து வளர்த்தனர். அன்பில் குறை வைக்காத வீடு அது. வசதியிலும் செல்வாக்கிலும் குறைவில்லாத குடும்பம்.

பத்து வயதுச் சிறுவனான சலீம் அலிக்குக் காற்றுத் துப்பாக்கிதான் விளையாட்டுப் பொருள். ஒரு முறை அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத் தீற்றல் ஒன்று இருந்தது. பார்வைக்குச் சிட்டுக்குருவி போலவே இருந்தது. ஆனால் சிட்டுக்குருவி இல்லை. இது என்ன பறவை என்று மாமாவிடம் கேட்டான் சிறுவன். அவருக்கும் தெரியவில்லை. 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அவனை அனுப்பி வைத்தார். அக்கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயர், வந்தவன் சிறுவன் என்று எண்ணித் துரத்திவிடவில்லை. அது மஞ்சள் தொண்டைக் குருவி என்று சொல்லி, கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். ஒரு வாழ்க்கையின் திசை அங்கே தீர்மானமாயிற்று.

அச்சிறு வயதிலேயே அவர் எழுதி வைத்த குறிப்பொன்று உண்டு. 1906-07 ஆண்டுகளில் எழுதியது. சுவரில் இருந்த ஒரு பொந்தில் பெண் சிட்டுக்குருவி ஒன்று அடைகாத்திருந்தது. ஆண் குருவி வெளியே காவல் இருந்தது. சிறுவன் அந்த ஆணைச் சுட்டான். சிறிது நேரத்தில் வேறொரு ஆண் வந்து அதே இடத்தில் காவலுக்கு அமர்ந்தது. அதையும் சுட்டான். இப்படி ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள் அந்த ஓரிடத்திலேயே வீழ்ந்தன. ஒன்று போனதும் இன்னொன்று வந்துவிடும்!

இன்று படிக்கையில் நம் மனம் நோகத்தான் செய்கிறது. ஆயினும் அச்சிறுவன் வெறுமனே சுட்டுவிட்டுப் போய்விடவில்லை. பொந்துக்குள் இருந்த பெண் அதே பறவைதான், வெளியே இருப்பவைதாம் மாறி மாறி வருகின்றன என்று பிரித்தறிந்து, எண்ணி, நாளையும் சேர்த்து எழுதி வைத்தான். குருவிகள் என்று பொதுவாகச் சொல்லாமல் இந்தக் குருவி, அந்தக் குருவி என்று பார்த்த பார்வை அது. பின்னாளில் வந்த பெரிய ஆராய்ச்சிகளுக்கெல்லாம் வித்து இக்குறிப்பில் இருந்தது எனலாம்.

பட்டம் பெறாத அறிஞர்

சலீம் அலி பள்ளியில் சிறந்த மாணவர் அல்லர். தலைவலி நோயால் இடையில் படிப்பு நின்றது. 1913-இல் தட்டுத் தடுமாறி மெட்ரிகுலேஷன் தேறினார். தூய சவேரியார் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மடக்கை அட்டவணையும் கணக்கும் அவரை விரட்டின. முதலாண்டுக்குப் பின் கல்லூரியை விட்டு நீங்கி, பர்மாவின் தவாய்ப் பகுதியில் குடும்பத்தார் நடத்திய உல்பிரம் சுரங்கத்தையும் மரத் தொழிலையும் கவனிக்கச் சென்றார். அங்கும் கணக்கைவிடக் காட்டுப் பறவைகளே அவர் கண்ணில் பட்டன. தொழில் நொடித்தது.

1917-இல் பம்பாய் திரும்பியவர் வணிகப் படிப்பில் சேர்ந்தார். அவருடைய நாட்டத்தைக் கண்டுகொண்ட பாதிரியார் பிளாட்டர், தூய சவேரியார் கல்லூரியில் விலங்கியலும் படிக்குமாறு தூண்டினார். பகலில் இரண்டு படிப்பும் மாறி மாறி நடந்தன. விலங்கியல் பாடத்தை முடித்தாரே தவிர, முறையான பல்கலைக்கழகப் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. 1918 டிசம்பரில் தெஹ்மினா அம்மையாரை மணந்தார். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலார் பணியிடம் ஒன்று காலியானபோது, பட்டம் இல்லாத காரணத்தால் அதுவும் கைநழுவிப் போயிற்று.

இந்த இடத்தில் நான் சற்று நின்றுதான் மேலே செல்ல வேண்டியிருக்கிறது. என் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் தாயும் தந்தையும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தும் கவாத்து வெட்டியும் என்னைப் படிக்க வைக்கிறார்கள். பட்டம் இல்லாமலேயே பெரிய அறிஞர் ஆனார் என்று சலீம் அலியைப் புகழ்ந்து மேடையில் பேசுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு பெரிய குடும்பம் இருந்தது. தொழில் நொடித்தாலும் தங்க வீடு இருந்தது. கல்லூரியை விட்டபின் இன்னொரு கல்லூரியில் சேர வழி இருந்தது. நம்மில் பலருக்குப் பட்டம் ஒன்றே ஏணி. அந்த ஏணியை உதறும் உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. ஆகவே அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியது பட்டம் வேண்டாம் என்பதை அன்று. பட்டம் கிடைத்த பின்னும் கிடைக்காத போதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு என்பதையே ஆகும்.

ஜெர்மனியும் வடகடல் தீவும்

1926-இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில், இயற்கை வரலாற்றுப் பகுதியில், வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 350 ரூபாய். இரண்டாண்டுகளில் அவ்வேலை அவருக்குச் சலித்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சடைத்த பறவைகளை வருவோருக்குக் காட்டிக்கொண்டிருப்பதிலும், முறையாகப் பயில வேண்டும் என்ற ஆவலே மேலோங்கி நின்றது. 1928-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் புறப்பட்டார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் இஷ்ட்ரசமனை ஆசானாக அடைந்தார். பட்டச் சான்றிதழ் இல்லாதவர் என்று அவர் ஒதுக்கவில்லை. தம் வாழ்நாள் முழுவதும் அவரையே தம் குருவாகச் சலீம் அலி போற்றினார்.

அக்காலத்தில் அவர் பயிற்சி பெற்ற இன்னோர் இடம் எல்கோலாந்து. வடகடலின் நடுவே செந்நிறப் பாறையாக நிற்கும் சிறு தீவு அது. கில்லமாட் முதலிய கடற்பறவைகள் அதன் செங்குத்துப் பாறைகளில் கூட்டம் கூட்டமாய்க் குடியிருக்கும். வலசை போகும் நிலப்பறவைகள் களைத்துப்போய் அங்கே இறங்கி இளைப்பாறும். பறவைகளை வலையிலும் பொறியிலும் உயிரோடு பிடித்து, காலில் எண் பொறித்த சிறு வளையம் மாட்டி, மறுபடி பறக்கவிடும் ஆய்வு நிலையம் அத்தீவில் இருந்தது. டிரோஸ்ட் என்ற அறிஞரிடம் அந்த முறையைச் சலீம் அலி நேரில் கண்டார்.

இந்த வளையத்தின் கதை சுவையானது. டென்மார்க் நாட்டில் விபோர்க் என்ற ஊரில் மோர்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். 1899-இல் அவர் அலுமினியத் தகட்டை வளைத்து, எண்ணும் முகவரியும் பொறித்து, மைனா இனத்தைச் சேர்ந்த பறவைகளின் காலில் மாட்டிப் பறக்கவிட்டார். அதுவரை கூட்டத்தில் ஒன்றாய்க் கரைந்து கிடந்த பறவைக்கு அன்றுதான் தனிப்பெயர் கிடைத்தது. எண் வந்ததும் பறவைக்கு ஒரு வரலாறும் வந்துவிட்டது! ஒரு பறவையைச் சுட்டு வீழ்த்தினால் அந்த ஒரு நாளின் செய்தி மட்டும் கிடைக்கும். வளையம் இட்டு விட்டால் அதன் ஆயுள் முழுவதற்குமான செய்தி கிடைக்க வழியுண்டு.

வேலை போனது, தூக்கணாங்குருவி வந்தது

1930-இல் தாயகம் திரும்பியவருக்கு ஏமாற்றம் காத்திருந்தது. பணமில்லை என்று சொல்லி அருங்காட்சியகத்தில் அவருடைய பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். கையில் ஜெர்மனிப் பயிற்சி இருந்தது, வேலை இல்லை. நகரத்தில் வாழச் செலவு அதிகமென்று தம்பதியர் பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர்.

அவ்வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையற்ற மனிதருக்கு வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. மறைவில் அமர்ந்து நாள்தோறும் பார்த்தார். ஆண் குருவி நாரைக் கிழித்து வந்து கூட்டைப் பாதி வரை பின்னுகிறது. அந்த நிலையில் பெண் குருவிகள் வந்து கூட்டுக்குள் நுழைந்து சோதிக்கின்றன. பிடித்துவிட்டால் ஒரு பெண் அதை ஏற்றுக்கொள்கிறது. அதன் பிறகே ஆண் மீதிக் கூட்டையும் நீண்ட நுழைவுக் குழாயையும் கட்டி முடிக்கிறது. முட்டையிட்டு அடைகாக்கும் வேலை பெண்ணைச் சேர்ந்தது. ஆணோ அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணையை எதிர்பார்க்கிறது. ஒரு கூடும் ஏற்கப்படாமல் போகும் ஆணும் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகப் பல துணைகளைப் பெறும் ஆணும் உண்டு. ஒரே மரம், ஒரே நார், ஒரே மழைக்காலம். ஆயினும் ஒவ்வோர் ஆணின் கதையும் வேறு!

அதுவரை பலரும் எழுதியிருந்ததற்கு மாறான உண்மை அது. அந்த ஆராய்ச்சிக் கட்டுரை பம்பாய்க் கழகத்தின் இதழில் வெளிவந்து அவருக்குப் பெரும் பெயரை ஈட்டித் தந்தது. வேலை போனதால் விளைந்த நன்மை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை போன நிலையிலும் கண்ணை மூடிக்கொள்ளாததால் விளைந்த நன்மை என்றே சொல்ல வேண்டும்.

கோத்தகிரியில்

இதையடுத்த காலத்தில்தான் அவர் நம் மலைக்கு வந்தார். முதல் உலகப் போரில் மெசபொடேமியாவில் பணியாற்றி ஓய்வு பெற்ற இராணுவ மருத்துவர் அனந்தன் என்பவர் கோத்தகிரியில் வாழ்ந்து வந்தார். அவருடைய அழைப்பை ஏற்றுச் சலீம் அலி சில மாதங்கள் இங்கே தங்கினார். லாங்வுட் சோலைக்கு அருகே டானிங்டன் என்ற இடத்தில் வாழ்ந்த கின்லாக் அம்மையாருடனும், பிலிகிரிரங்கன் மலையில் வாழ்ந்த அவர் மருமகன் மாரிஸுடனும் அவருக்கு இங்கேதான் தொடர்பு ஏற்பட்டது.

லாங்வுட் சோலையை நம்மில் எத்தனை பேர் உள்ளே சென்று பார்த்திருக்கிறோம்? 116 ஹெக்டேர் பரப்புள்ள அச்சோலை, சுற்றியுள்ள சிற்றூர்களுக்குத் தண்ணீர் தரும் தாய். 2024-ஆம் ஆண்டு சனவரியில் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நீலகிரிச் சிரிப்பான், நீலகிரிச் சோலைக்கிளி, நீலகிரிக் காட்டுப்புறா ஆகிய, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகள் அங்கே வாழ்கின்றன.

அக்காலத்தில் பூவுக்கும் பறவைக்கும் உள்ள உறவு சலீம் அலியின் மனத்தைக் கவர்ந்திருந்தது. தேன்சிட்டுகளும் பூக்கொத்திகளும் தேனுண்ணும்போது மகரந்தத்தை ஒரு பூவிலிருந்து மறுபூவுக்குக் கொண்டு செல்கின்றன. பூக்கொத்தி புல்லுருவியின் பழத்தை விழுங்கி, பிசுபிசுப்பான விதையை வேறொரு கிளையில் எச்சமாக இட்டுச் செல்கிறது. அங்கே புதிய புல்லுருவி முளைக்கிறது. பறவை இரை தேடும் வழியே ஒரு செடியின் தலையெழுத்தை நிர்ணயிக்கிறது என்பதை அவர் எழுதிக் காட்டினார். இந்தியாவின் மலர்ப்பறவைகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1932-இல் வெளிவந்தது. நம் தோட்டத்து நிழல்மரங்களில் தொங்கும் புல்லுருவியைப் பார்க்கும்போதெல்லாம் அதைக் கொணர்ந்து நட்ட சின்னஞ்சிறு தோட்டக்காரனை இனி நாம் நினைத்துக்கொள்ளலாம்.

காடும் மேடும்

பின்னர் அவர் சமஸ்தானங்களின் உதவியுடன் பறவைக் கணக்கெடுப்பில் இறங்கினார். தமக்கெனப் பெரிய ஊதியம் கேட்கவில்லை. முகாம் செலவைக் கொடுத்தால் போதும் என்றார். ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், குவாலியர், இந்தூர், போபால் என்று நாடெங்கும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சுற்றினார். தெஹ்மினா அம்மையாரும் கூடாரம் கூடாரமாக உடன் வந்தார். 1939-இல் ஒரு சிறு அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து அம்மையார் காலமானார். சலீம் அலி மனமுடைந்து போனார். அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தங்கையைப் போல் அன்பு செலுத்திய உடன்பிறந்தாள் வீட்டில் தங்கி, பறவைகளே உலகமென வாழ்ந்தார்.

1941-இல் அவருடைய இந்தியப் பறவைகள் என்ற நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களுடன் சாதாரண மக்களும் பறவைகளை இனங்காண உதவிய நூல் அது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து அவர் எழுதிய பெருங்கையேடு 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. கடைசித் தொகுதி வரும்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது ஆகிக்கொண்டிருந்தது!

வளையம் இட்ட பறவைகள்

எல்கோலாந்தில் கற்ற வித்தை முழுப்பயன் தர முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன. மனிதருக்கும் காய்ச்சல் பரவியது. அந்நோய்க் கிருமி சோவியத் நாட்டில் காணப்பட்ட ஒரு கிருமியை ஒத்திருந்ததால், வலசைப் பறவைகளின் மேல் ஒட்டி வரும் உண்ணிகள் அதைக் கொண்டு வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959-இல் பம்பாய்க் கழகம் பெரிய அளவில் பறவைகளுக்கு வளையமிடத் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் சலீம் அலி. வளையத்தில் கண்ட எண்ணைப் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்குமாறு அதிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. இங்கே வளையமிடப்பட்ட பறவைகள் பல, சோவியத் நாட்டில் கண்டெடுக்கப்பட்டுத் தகவல் வந்தது.

நம் தமிழ்நாட்டுக் கோடியக்கரையின் அருமையையும் 1960-களில் அவர் எடுத்துரைத்தார். 1967-இல் அது சரணாலயம் ஆயிற்று. பூநாரைகளும் உள்ளான்களும் ஆலாக்களும் கடற்காகங்களும் கூடும் அந்தச் சேற்று நிலத்தில் பம்பாய்க் கழகத்தார் பல்லாண்டுகளாக வளையமிட்டு வந்திருக்கின்றனர்.

கடற்பறவைகள் சொல்லும் பாடம்

ஒரு பறவைக்கு எண் கிடைத்த பின் என்ன ஆயிற்று என்பதை, சலீம் அலிக்குப் பின் வளர்ந்த ஆராய்ச்சியையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். கடற்பறவைகளின் இரை தேடலை அவர் தனியாக ஆராயவில்லை. ஆனால் அவர் இந்நாட்டில் பரப்பிய வளைய முறையும், அதே பறவையை மீண்டும் பார்க்கும் பொறுமையுமே அவ்வாராய்ச்சிக்கு அடிப்படை.

இந்தியக் கடற்கரைக்கும் குளிர்காலத்தில் வரும் சிப்பிப் பிடிப்பானை எடுத்துக்கொள்வோம். அதன் இரை சிப்பி. ஐரோப்பாவில் வண்ண வளையமிட்டுக் கவனித்தபோது, சில பறவைகள் சிப்பியின் ஓட்டைச் சுத்தியலால் தட்டுவது போல் தட்டி உடைப்பதையும், வேறு சில சற்றே திறந்த சிப்பியின் இடுக்கில் அலகைச் செருகித் தசையை அறுப்பதையும் கண்டனர். தட்டுபவை பெரும்பாலும் தட்டிக்கொண்டே இருக்கின்றன. குத்துபவை குத்திக்கொண்டே இருக்கின்றன. தொழிலுக்கேற்ப அலகின் நுனியும் மழுங்கியோ கூர்ந்தோ தேய்கிறது. கொல்லன் கையும் தையற்காரர் கையும் வேறாவது போல!

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவுப் பகுதியில் ஒரே குடியிருப்பில் வாழும் கடற்காகங்களில் சில சிப்பியையே நாடுகின்றன. சில மனிதர் கொட்டும் குப்பையை நாடுகின்றன. சில பிற கடற்பறவைகளைப் பிடித்து உண்கின்றன. சிப்பியை உண்பவை முட்டையிட்டுப் பொரிப்பதில் மற்றவற்றைவிட மேம்பட்டிருந்தன. ஹட்சன் வளைகுடாவில் குஞ்சுக்கு மீன் கொண்டுவரும் கில்லமாட்களைப் பல ஆண்டுகள் கவனித்தபோது, ஒரு பறவை கடலடி மீனையே மீண்டும் மீண்டும் கொணர்வதும், அதன் அண்டைப் பறவை நடுநீர் மீனையே கொணர்வதும் தெரியவந்தது. தென்கடலில் சுற்றும் அல்பட்ராஸ் பறவைகளில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு கடற்பகுதிகளில் இரை தேடுவதைச் செயற்கைக் கோள்வழிக் கருவிகள் காட்டின. ஆண், பெண், வயது என்ற வேறுபாடுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் தனிப்பறவைக்கே உரிய வேறுபாடு பல இனங்களில் மிஞ்சி நிற்கிறது.

இதற்குக் காரணம் என்ன? இரை பிடித்தல் ஒரு கைத்தொழில். ஒரு வித்தையில் தேர்ச்சி பெற நாளாகும். பெற்றபின் அதையே செய்வது இலாபம். எல்லோரும் ஒரே இரைக்குப் போட்டியிட்டால் பங்கு குறையும். சிலர் வேறு இரைக்குத் திரும்பினால் எல்லோருக்கும் கிடைக்கும். இதை விளங்கிக்கொள்ள எனக்குத் தேயிலைத் தோட்டமே உதவியது. ஒரே சரிவில், ஒரே வயதுச் செடிகளில் இருபது பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கிறார்கள். ஒருவர் கை அகலமாகப் பாயும். ஒருவர் கை ஒரே இடத்தில் நின்று சுத்தமாகக் கிள்ளும். பறித்துவிட்டுப் போன செடியைப் பார்த்தே அது யாருடைய நிரை என்று என் தாயார் சொல்லிவிடுவார். மாலையில் தராசில் எடை போட்டுச் சராசரி கண்டால் ஓர் எண் வரும். அந்த எண்ணில் இருபது பேரில் ஒருவர் முகமும் தெரியாது.

சராசரியை நான் குறை கூறவில்லை. அதில்லாமல் அறிவியல் நடக்காது. ஆனால் சராசரியோடு நின்றுவிட்டால் ஆபத்தும் உண்டு. கடலில் ஒருவகை மீன் அருகிப்போனால் அந்தப் பறவை இனம் முழுவதும் சற்றுக் குறையும் என்று சராசரி சொல்லும். உண்மையில் அம்மீனையே நம்பியிருந்த பறவைகளின் கூடுகளில் மட்டும் குஞ்சுகள் பட்டினியாகச் சாகலாம். அடுத்த கூட்டில் எந்தக் குறையும் தெரியாமல் போகலாம். யாருக்கு உதவி தேவை என்பதை அறியத் தனித்தனியே பார்த்தாக வேண்டும். இது பறவைகளுக்கு மட்டும் பொருந்தும் நீதி அன்று.

மறைவும் நினைவும்

அரசு அவருக்கு 1958-இல் பத்மபூஷண் விருதும் 1976-இல் பத்மவிபூஷண் விருதும் அளித்தது. பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்டவருக்கு அலிகார், தில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் அளித்துத் தம்மைப் பெருமைப்படுத்திக்கொண்டன. பரிசாகக் கிடைத்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்தார். பரத்பூர்ப் பறவைச் சரணாலயத்துக்காகவும், நம் மலைக்கு அடுத்துள்ள அமைதிப் பள்ளத்தாக்குக்காகவும் குரல் கொடுத்தார். 1985-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. ஒரு குருவியின் வீழ்ச்சி என்பது அதன் பெயர். மஞ்சள் தொண்டைக் குருவியை அவர் மறக்கவில்லை! 1987 ஜூன் மாதம் தம் தொண்ணூறாவது வயதில் பம்பாயில் காலமானார். 1990-இல் கோயம்புத்தூரில் அவர் பெயரால் ஒரு பறவையியல் ஆய்வு மையம் தோன்றியது. இன்று அது நம் மலையடிவாரத்து ஆனைகட்டியில் இயங்குகிறது.

அன்பு நண்பர்களே! கடற்பறவைகளைக் காண நாம் ஹட்சன் வளைகுடாவுக்குச் செல்ல இயலாது. ஆனால் நீலகிரிச் சிரிப்பான் நம் வீட்டு வேலிக்கே வருகிறது. பூச்சியும் உண்ணும், தவிட்டுப்பழமும் உண்ணும் என்று புத்தகம் சொல்கிறது. எந்தச் சிரிப்பான் பழத்தை அதிகம் நாடுகிறது, எது பூச்சியைத் தேடி இலைச் சருகைக் கிளறுகிறது, நேற்று வந்ததேதான் இன்றும் வந்ததா? இக்கேள்விகளுக்கு விடை காண விலையுயர்ந்த கருவி ஏதும் முதலில் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் விடியற்காலையில் எழும் பழக்கமும் போதும். இரண்டு வருடம் விடாமல் எழுதினால் அதுவே ஓர் ஆராய்ச்சிக்கு அடித்தளமாகும்.

நம் பேராசிரியப் பெருமக்களுக்கும் பணிவான விண்ணப்பம் ஒன்று உண்டு. மில்லார்டு ஒரு சிறுவனுக்காக அலமாரிகளைத் திறந்தார். பிளாட்டர் கணக்கில் தோற்ற ஒரு மாணவனை விலங்கியலுக்கு அழைத்தார். இஷ்ட்ரசமன் பட்டமில்லாதவனுக்குப் பாடம் சொன்னார். அம்மூவரும் மதிப்பெண் பட்டியலின் சராசரியைப் பார்க்காமல் எதிரில் நின்ற ஆளைப் பார்த்தார்கள். எங்கள் துறையின் அலமாரிகளும் மாலை நான்கு மணிக்குப் பின் ஒரு மணி நேரம் திறந்திருந்தால், பேருந்துக்குக் காத்திருக்கும் எங்களில் யாரேனும் ஒருவர் வந்து நிற்கக்கூடும்.